ஹெலிக்கு ஒளித்தவள் ஹெலி ஓட்டினேன்



"ஹெலி வருது, ஓடுங்கோ!"

இந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு தடவையாவது ஓடாதவர்கள் உங்களில் மிகக் குறைவாகவே இருப்பார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்க, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கியவர்கள் நாங்கள். பத்திரிகைகளில் "உலங்குவானூர்தி" என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அது வெறும் "ஹெலி" தான். அந்த ஹெலியை ஓட்டப் பழகி, 2015 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். அதைப் பற்றி எழுதும்படி கேட்டபோது முதலில் மறுத்தேன். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வழி தேடும் சகோதரிகளுக்கு இந்தக் கதை எதற்கு என்று நினைத்தேன். பிறகு, பயத்தைப் பற்றியாவது எழுதலாம், அது எங்கள் எல்லோருக்கும் பொதுவானது தானே என்று மனம் மாறினேன்.

தம்பி

எங்கள் ஊர் தென்மராட்சியில் ஒரு சின்னக் கிராமம். 1990 ஆம் ஆண்டு எனக்கு 13 வயது, தம்பிக்கு 9 வயது. ஒருநாள் காலை கடைக்குச் சீனி வாங்கப் போன தம்பி திரும்பி வரும்போது ஹெலி வந்துவிட்டது. வடலிக்குள் ஓடி ஒளிக்க அவனுக்கு நேரம் போதவில்லை. காலில் காயம். தொடையில் இருந்து இரத்தம் நிற்காமல் போனது.

பெற்றோல் இல்லாத காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார் ஒன்று பக்கத்து ஒழுங்கையில் நின்றது. அதை இயக்கவே அரை மணித்தியாலம் சென்றது. பெரிய வீதியால் போகப் பயந்து தோட்டங்களுக்குள்ளால் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது தம்பி இல்லை. "இன்னும் கொஞ்சம் வேளைக்குக் கொண்டு வந்திருந்தால்" என்று வைத்தியர் சொன்னாராம். அந்த ஒரு வசனத்தை அம்மா இன்றைக்கும் சொல்லுவா.

பிறகு நடந்தவை உங்களுக்கும் நடந்தவை தான். 1996 இல் கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்குப் போனோம். 2000 ஆம் ஆண்டு கலியாணம் பேசி நான் லண்டனுக்கு வந்தேன். அம்மாவும் தங்கச்சி குடும்பமும் வன்னியிலேயே இருந்தார்கள். 2009 இல் அவர்கள் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது தங்கச்சியின் கணவர் அவர்களோடு இல்லை. இன்று வரை அவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கிய ஹெலி

2010 ஒக்டோபர் மாதம். என் மகளுக்கு அப்போது 8 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை வாசலுக்கு முன்னால் ஒரு கார் அடித்துவிட்டது. நான் ஓடிப் போனபோது மகள் நினைவில்லாமல் கிடந்தாள். யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். அந்த நேரம் தான் அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. பிள்ளைக்கு மேல் கவிழ்ந்து படுத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஹெலி, ஹெலி" என்று கத்தினேனாம். நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஆசிரியை என்னைத் தூக்கினா.

ஹெலி மைதானத்தில் இறங்கியது. சிவப்பு உடுப்புப் போட்ட வைத்தியர் பையோடு ஓடி வந்தார். வீதியிலேயே என் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பிறகு ஹெலியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காரில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டிய தூரத்தைச் சில நிமிடங்களில் கடந்தார்கள். மகள் பிழைத்தாள்.

ஹெலி ஒன்று ஆளைக் காப்பாற்ற வருவதை என் வாழ்க்கையில் அன்று தான் முதன்முதலாகக் கண்டேன்.

இங்கிலாந்தில் இந்த அம்புலன்ஸ் ஹெலிகளை ஓட்டுபவை பெரும்பாலும் தர்ம நிறுவனங்கள். 1987 இல் கோர்ன்வோல் என்ற மாவட்டத்தில் தான் முதலில் தொடங்கினார்கள். கடைகளில் உண்டியல் வைத்தும் பழைய உடுப்புகள் விற்றும் சேர்க்கும் காசில் அவை பறக்கின்றன. நன்றி சொல்ல மகளோடு அவர்களுடைய நிலையத்துக்குப் போனோம். விமானி ஒரு பெண். என் வயது தான் இருக்கும். "ஏறி இருந்து பாருங்கள்" என்றா. என் கால் நடுங்கியதை அவ கண்டிருப்பா. ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து ஏற்றிவிட்டா. அந்த இருக்கையில் ஐந்து நிமிடம் இருந்தேன். இறங்கும்போது, இதை ஓட்டப் பழக என்ன செய்ய வேண்டும் என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

காசும் கதைகளும்

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். "உனக்கென்ன விசரே?" என்றார். அவர் பெற்றோல் நிலையத்தில் வேலை. நான் வைத்தியசாலையில் தாதிமாருக்கு உதவியாளர். ஹெலிப் பயிற்சிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு 300 பவுணுக்கு மேல் வேண்டும். சட்டப்படி குறைந்தது 45 மணித்தியாலம் பறக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு அதைவிடக் கூடப் பிடிக்கும்.

உறவினர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "ஊரிலை சனம் தரப்பாளுக்குக் கீழை கிடக்கேக்கை உனக்கு ஆகாயத்திலை பறக்க வேணுமோ?"

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் இன்றும் முழுமையான பதில் இல்லை. நான் ஒரு ஒழுங்கு வைத்தேன். சம்பளம் வந்தால் முதலில் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும். இரண்டாவது வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும். மூன்றாவது தான் பயிற்சி. இரவு வேலை கூடுதலாக எடுத்தேன். நாலு பேரோடு சேர்ந்து சீட்டுக் கட்டினேன். சில மாதங்களில் ஒரு மணித்தியாலமே பறந்தேன். சில மாதங்களில் அதுவும் இல்லை. அதனால் தான் நாலு வருடம் சென்றது. "விசர்" என்று சொன்ன கணவரே ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்து, பிள்ளைகளையும் பார்த்தார் என்பதை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரண்டு கை, இரண்டு கால்

நான் பழகியது றொபின்சன் ஆர்-22 என்ற சின்ன ஹெலி. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 622 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பிராங்க் றொபின்சன் என்ற பொறியியலாளர் வடிவமைத்தது. 1975 இல் முதன்முதலில் பறந்தது. உலகம் முழுவதும் பழகுநர்கள் மிகுதியாகப் பாவிப்பது இதைத்தான்.

சாதாரண விமானத்தில் விமானி இடது பக்கம் இருப்பார். இந்த ஹெலியில் வலது பக்கம். இடது கையில் ஒரு நெம்புகோல். அதைக் "கொலெக்டிவ்" என்பார்கள். அதை உயர்த்தினால் ஹெலி மேலே போகும், தாழ்த்தினால் கீழே வரும். வலது கையில் "சைக்ளிக்" என்ற பிடி. அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் ஹெலி போகும். கால்கள் இரண்டும் பெடலில். மேலே உள்ள பெரிய விசிறி ஒரு பக்கம் சுழல, ஹெலியின் உடல் மற்றப் பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பதற்குத் தான் வாலில் ஒரு சின்ன விசிறி இருக்கிறது. பெடல்கள் அந்த வால் விசிறிக்கு.

இதில் கஷ்டம் என்னவென்றால், ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் மாறும். கொலெக்டிவை உயர்த்தினால் மூக்குத் திரும்பும். பெடலால் அதைத் திருத்தினால் ஹெலி பக்கவாட்டில் நகரும். சைக்ளிக்கால் அதைப் பிடித்தால் உயரம் குறையும்.

எல்லாவற்றிலும் கடினமானது பறப்பது அல்ல, ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பது. நிலத்தில் இருந்து நாலைந்து அடி உயரத்தில், அசையாமல் நிற்க வேண்டும். பயிற்றுநர் முதலில் பெடலை மட்டும் என்னிடம் தந்தார். மற்ற இரண்டையும் அவர் பிடித்துக்கொண்டார். அது சரிவந்த பிறகு கொலெக்டிவ். கடைசியாகத் தான் சைக்ளிக். மூன்றையும் சேர்த்துத் தந்த அன்று ஹெலி மாடு வெருண்டது போல நாலு பக்கமும் துள்ளியது. "இறுக்கிப் பிடிக்க வேண்டாம்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பயந்தவர்கள் எதையும் இறுக்கித் தானே பிடிப்பார்கள்? என் விரல்கள் வெளிறிப் போயிருந்தன.

பிறகு ஒரு நாள் சொன்னார்: "கையைத் தொடையில் வையுங்கள். விரல் நுனியால் மட்டும் பிடியுங்கள். கிட்டப் பார்க்க வேண்டாம். தூரத்தில் உள்ள ஒரு மரத்தைப் பாருங்கள்." அன்று பத்து விநாடி நின்றேன். அடுத்த கிழமை அரை நிமிடம். பதினோராவது மணித்தியாலத்தில் தான் முழுமையாக நிற்கப் பழகினேன்.

இயந்திரம் நின்றால்

"ஆகாயத்தில் இயந்திரம் நின்றுவிட்டால் ஹெலி கல்லுப் போல விழும் தானே?" என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் அப்படித் தான் நினைத்திருந்தேன். அப்படி விழுவதில்லை.

இயந்திரம் நின்ற உடனே கொலெக்டிவை முழுவதும் கீழே இறக்க வேண்டும். ஹெலி கீழே இறங்கும்போது காற்று அடியில் இருந்து மேலே விசிறிக்குள்ளால் போகும். அந்தக் காற்றே விசிறியைச் சுழல வைத்துக்கொண்டிருக்கும். நிலத்துக்குக் கிட்ட வந்ததும் மூக்கைச் சற்று உயர்த்தி வேகத்தைக் குறைத்து, கடைசி நேரத்தில் கொலெக்டிவை உயர்த்தினால் மெல்ல இறங்கலாம்.

ஆனால் ஆர்-22 இன் விசிறி பாரம் குறைந்தது. ஓரிரு விநாடிக்குள் கொலெக்டிவை இறக்காவிட்டால் சுழற்சி குறைந்துவிடும். பிறகு அதை மீட்க முடியாது. ஆகவே இதைத் தான் அதிகமாகப் பழக்குவார்கள். கதைத்துக்கொண்டு போகும்போதே பயிற்றுநர் திடீரென்று இயந்திரத்தின் வலுவைக் குறைப்பார். கை உடனே கீழே போக வேண்டும். முதல் தடவை நான் கண்ணை மூடிவிட்டேன். பங்கருக்குள் பழகிய பழக்கம் அது. ஹெலியை அவர் தான் இறக்கினார். "கண்ணைத் திறந்து வைத்திருந்தால் மட்டும் போதும், மற்றதைப் பழக்கிவிடலாம்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை செய்துவிட்டேன். இன்றும் வயிறு ஒருமுறை கலங்கும். ஆனால் கண்ணை மூடுவதில்லை.

ஒன்பது சோதனைகள்

பறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. வைத்தியப் பரிசோதனையில் சித்தியடைய வேண்டும். வானொலியில் கதைப்பதற்குத் தனிச் சோதனை. அதைவிட ஒன்பது எழுத்துச் சோதனைகள்: விமானச் சட்டம், வானிலை, திசையறிதல், பறத்தலின் தத்துவம், மனித உடலின் இயல்பு என்று போகும். ஒவ்வொன்றிலும் 75 புள்ளி வேண்டும். இடப்பெயர்வுகளுக்கு நடுவில் உயர்தரச் சோதனையை எழுதாமல் விட்டவள் நான். 35 வயதுக்குப் பிறகு, இரவு வேலை முடிந்து வந்து, மகள் வீட்டுப்பாடம் செய்யும் அதே மேசையில் இருந்து படித்தேன். வானிலையில் முதல் தடவை 68 புள்ளி. அன்று அழுதேன். அடுத்த மாதம் திரும்ப எழுதிச் சித்தியடைந்தேன்.

வானொலி தான் எனக்குப் பெரிய வெட்கம். என் ஆங்கிலத்தை எல்லோரும் கேட்பார்களே என்று. ஆனால் விமானிகளின் மொழி சாதாரண ஆங்கிலம் இல்லை. எல்லோருக்கும் ஒரே சொற்கள் தான். எழுத்துகளைக்கூட அல்பா, பிராவோ, சார்ளி என்று தான் சொல்வார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். மனப்பாடம் செய்வதில் எங்களை யார் வெல்லுவார்கள்? தேவாரம் பாடமாக்கிய மாதிரிப் பாடமாக்கினேன்.

தனியாக

29 ஆவது மணித்தியாலத்தில் ஒரு நாள், பயிற்றுநர் ஹெலியை விட்டு இறங்கி, பட்டியைக் கட்டி, கதவைச் சாத்தி, கையைக் காட்டிவிட்டு நடந்து போய்விட்டார். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. ஒருவரின் பாரம் குறைந்ததால் ஹெலி சற்றுச் சாய்ந்து எழும்பியது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறங்க ஐந்தாறு நிமிடம். தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். வேறு ஒன்றும் நினைவில்லை.

அதற்குப் பிறகு தனியாகப் பத்து மணித்தியாலம். அதில் 185 கிலோமீற்றருக்குக் குறையாத ஒரு பயணம், இடையில் வேறு இரண்டு விமானத்தளங்களில் இறங்கி ஏற வேண்டும். கடைசியாகப் பரீட்சகரோடு சோதனை. 2015 யூன் மாதம், 62 மணித்தியாலம் பறந்த நிலையில் சித்தியடைந்தேன். எனக்கு 38 வயது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த அனுமதிப்பத்திரத்தால் ஒரு சதமும் உழைக்க முடியாது. சம்பளத்துக்கு ஓட்ட வேறு அனுமதிப்பத்திரம் வேண்டும். என் மகளைக் காப்பாற்றிய பெண்ணைப் போல ஓட்டுவதற்கு இன்னும் எத்தனையோ மடங்கு அனுபவம் வேண்டும். ஒவ்வொரு வருடமும் நான் பரீட்சகரோடு பறந்து காட்டினால் தான் இதுவும் செல்லும். பயிற்சி முடிந்த பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்புலன்ஸ் ஹெலிக்காக உண்டியல் குலுக்கப் போகத் தொடங்கினேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண்

படிக்கும் காலத்தில் வலெரி அந்திரே என்ற பிரெஞ்சுப் பெண்ணைப் பற்றி அறிந்தேன். 1922 இல் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் பிறந்தவர். சத்திரசிகிச்சை வைத்தியர். இந்தோசீனப் போர்க்களத்துக்கு வேலைக்குப் போனவர், காயக்காரர் வந்து சேருமுன்பே இறந்துபோவதைக் கண்டார். அதனால் தானே ஹெலி ஓட்டப் பழகினார். 1952 தொடக்கம் 129 தடவை பறந்து 165 காயக்காரரைத் தூக்கி வந்தார். 1976 இல் பிரான்சின் முதலாவது பெண் ஜெனரல் ஆனார். 2025 சனவரியில் தனது 102 ஆவது வயதில் காலமானார். அவர் காலத்து ஹெலிகள் சின்னவை. காயக்காரரை வெளியே இரு பக்கமும் கட்டிய தூக்குப்படுக்கையில் தான் கிடத்த வேண்டும். அதை வாசித்தபோது எனக்கு மண்ணெண்ணெய்க் கார் நினைவுக்கு வந்தது.

அம்மா கேட்ட கேள்வி

நான் ஹெலி பழகுவதை அம்மாவுக்கு நாலு வருடமும் சொல்லவில்லை. அனுமதிப்பத்திரம் வந்த பிறகு தான் தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டா:

"மேலையிருந்து பாக்கேக்கை, கீழை நிக்கிற சனம் தெரியுமோ பிள்ளை?"

எனக்கு அந்தக் கேள்வியின் பதில் முதலாவது பாடத்திலேயே தெரிந்துவிட்டது. இங்கே சட்டப்படி ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர ஆட்களுக்கும் வீடுகளுக்கும் 500 அடிக்குக் கிட்டப் போகக் கூடாது. அந்த 500 அடியில் இருந்து பார்த்தால், கொடியில் உடுப்புக் காயப்போடும் பெண் தெரிவா. சைக்கிளில் போகும் பிள்ளையின் சட்டை நிறம் தெரியும். கையாட்டினால் தெரியும். அன்று நான் அழுததைக் கண்டு, எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துப் பயிற்றுநர் ஹெலியைத் திருப்பிவிட்டார்.

"இல்லை அம்மா, வடிவாத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "தெரியும் அம்மா" என்றேன்.

"தெரியாமல் தான் சுட்டவங்கள் எண்டு சொல்லித்தான் நான் இவ்வளவு காலமும் மனதைத் தேத்தினனான்" என்றா. தொலைபேசியை வைத்துவிட்டா.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் இருந்த ஒரு ஆறுதலையும் பறித்துவிட்டேனே என்று குமைந்தேன். மூன்றாம் நாள் அவவே எடுத்தா. வழக்கம் போல மழை, தேங்காய் விலை எல்லாம் கதைத்தா. வைக்கும்போது மட்டும் சொன்னா: "அப்ப நீ பாத்து ஓடு பிள்ளை."

சைக்கிள் ஓடுபவருக்கும் கார் ஓடுபவருக்கும் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் சொல் தான் அது. ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தை இயக்குவதற்கு முன்னால் அதை நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு அனுமதிப்பத்திரங்கள்

அதே 2015 ஆம் ஆண்டு தங்கச்சியும் ஒரு அனுமதிப்பத்திரம் எடுத்தாள். மோட்டார் சைக்கிளுக்கு. கணவரின் மோட்டார் சைக்கிளை யாரும் தொடக் கூடாது என்று மூடி வைத்திருந்தவள், பிறகு அதே போல ஒன்றைத் தவணைக் காசுக்கு எடுத்து ஓடப் பழகினாள். முதலில் ஊர் சிரித்தது. இப்போது பால் எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போகிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குகிறாள். அவளுடைய அனுமதிப்பத்திரம் உழைக்கிறது. என்னுடையது உழைப்பதில்லை. இரண்டின் படப்பிரதிகளையும் அம்மா சாமிப் படத்துக்குக் கீழே, தம்பியின் படத்தோடு வைத்திருக்கிறா.

சகோதரிகளே, உங்களை ஹெலி ஓட்டப் பழகுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சைக்கிளோ, தையல் மெசினோ, கணினியோ, வங்கிப் படிவம் நிரப்புவதோ, நீங்கள் "எனக்கு இது வராது" என்று ஒதுக்கி வைத்திருக்கும் ஒன்று இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டாம். முதலில் பெடலை மட்டும் பிடியுங்கள். மற்றதைப் பிடிக்க இன்னொருவரிடம் உதவி கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பயம் போன பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். எனக்கு இன்னும் போகவில்லை. போன மாதம் சந்தைக்குப் போன இடத்தில் மேலே ஒரு ஹெலி போனது. கையில் இருந்த பையைப் போட்டுவிட்டு ஒரு கடையின் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கிவிட்டேன். பிறகு வெளியே வந்து, பையை எடுத்துக்கொண்டு, அது எந்தத் திசையில் போகிறது என்று அண்ணாந்து பார்த்தேன்.